பல்லை எண்ணிப் பூட்டுக

ஜூபிலி மலரென்றால் கல்லூரியின் வரலாறு, அதிபர்களின் தொண்டு, விளையாட்டு வெற்றிகள் என்பன இடம்பெறுதல் மரபு. அம்மரபுக்கு மாறாக, மோட்டார்க் காரின் பின்னச்சிலுள்ள டிபரன்ஷலைக் கழற்றிப் பூட்டுவது குறித்துத் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுந்தமை சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். நகைக்க விரும்புவோர் இறுதிவரை படித்தபின் நகைப்பாராக.

இங்கிலாந்தில் 1957இல் லோட்டஸ் செவன் என்னும் கார் வெளிவந்தது. பாகங்களாக வாங்கி வீட்டிலே பூட்டிக்கொள்வோர்க்குக் கொள்வனவு வரி இல்லாமையால், அங்கு பலர் இவ்வாறு கார் கட்டினர். அவர்க்கு அது பொழுதுபோக்கும் சிக்கனமுமாம். நமக்கோ அது பிழைப்பாயிற்று. 1990இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபின் குடாநாட்டுக்குப் பெற்றோலும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. ஒரு காரின் எஞ்சினும் வேறொன்றின் பின்னச்சும் மற்றொன்றின் கதவும் கூடி ஒரு கார் ஆன காலம் அது. சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர் நம்மவர்.

அக்காலத்தில், 1994இல், என் பெரியப்பா தம் வீட்டு முற்றத்திலே ஒரு காரைக் கட்டினார். மொறிஸ் மைனர் ஒன்றின் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் பின்னச்சையும், இரும்புக் குழாய்களை ஒட்டி ஆக்கிய சட்டத்திற் பூட்டித் தகரத்தால் உடலமைத்தார். ஓடத் தொடங்கிய சில மாதங்களில் பின்னச்சு ஊளையிட்டது. பழைய இரும்புக் குவியலொன்றில் வேறொரு டிபரன்ஷல் அகப்பட்டது. அன்று மாலைக்குள் அதனைப் பூட்டிவிட வேண்டுமெனப் பெரியப்பா துடித்தார். அயலிலே கராச் வைத்திருந்த முதிய மெக்கானிக் ஒருவர் தடுத்தார். “ஐயா, முதலிலை பல்லை எண்ணுங்கோ, பிறகு பூட்டுங்கோ” என்றார்.

எண்ணினோம். கழற்றியதில் சிறிய பினியனுக்குப் பல் 9, பெரிய கிறவுண் சில்லுக்குப் பல் 41. கிடைத்ததில் 9க்கு 38. முன்னது 1956இல் வந்த 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினுக்கும், பின்னது 1962இல் வந்த 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினுக்கும் உரியன. முன்னதில் சில்லு ஒருமுறை சுழல நடுத்தண்டு ஏறத்தாழ நாலரை முறை சுழலவேண்டும். பின்னதில் நாலேகால் முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுழன்றாற் போதும். ஆகவே வேகம் கூடும், இழுவை குறையும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கோ முன்னரே வலுக் குறைவு. வேகமானி கியர்ப்பெட்டியிலிருந்து கணக்கெடுப்பதாதலால், கார் 40 மைல் வேகத்தில் ஓடும்போது முள் 37 என்றே காட்டும். “முள் பொய் சொல்லும், அதை நம்பாதேங்கோ. பாரம் ஏத்தினால் முதற் கியரிலை கொஞ்சம் கூட இழுத்துப் போங்கோ” என்றார் அவர்.

மற்றொன்றும் சொன்னார். பழையதன் பினியன் நன்றாயிருக்கிறதே, அதைப் புதியதன் கிறவுண் சில்லோடு சேர்க்கலாமா எனப் பெரியப்பா வினவ, அவர் அறவே மறுத்தார். பல் எண்ணிக்கை ஒன்றேயாயினும், ஒன்றோடொன்று உராய்ந்து இணங்கிய சோடியைப் பிரித்து அயலதனோடு சேர்த்தல் தகாது. சேர்த்தால் ஊளையிட்டுப் பல் உடையும் என்றார். எண்ணெயை வடித்து, நடுத்தண்டைக் கழற்றி, இருபுறத்து அரைத்தண்டுகளையும் சிறிது வெளியே இழுத்தபின், டிபரன்ஷலை முன்புறமாக எடுத்தார். பற்களிற் சாயம் பூசி உருட்டி அவை தொடும் இடம் பார்த்தார். மென்றகடுகளை இட்டும் எடுத்தும் இடைவெளியைச் சரிசெய்தார். 1995 அக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, நடக்கமாட்டா முதியோரை நாவற்குழிப் பாலத்தின் இக்கரைக்கு ஏற்றி வந்த வண்டிகளுள் அக்காரும் ஒன்று. 2000இல் சாவகச்சேரி போரில் அழிந்தபோது அதுவும் அழிந்தது.

அம்முதியவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அறிந்ததை எழுதிவைக்க அவரால் இயலவில்லை. எழுத இயன்ற நான் அவர் வீட்டைத் தாண்டியே பல ஆண்டுகள் பாடசாலைக்குப் போய்வந்தேன். ஒருநாளும் கொப்பியோடு உட்சென்றிலேன். ஏடுகள் செல்லரித்து மறையுமுன் தேடி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையின் தொண்டை மாணவர்க்கு ஆண்டுதோறும் எடுத்துரைப்பவன் நான். என் அயலிலே ஓர் ஏடு செல்லரித்ததை நான் கண்டிலேன்.

மின்சாரக் கார் வந்துவிட்ட இக்காலத்தில் இப்பழம்பாடம் எதற்கு என்பர் ஒருசாரார். மின்சாரக் காரிலும் டிபரன்ஷல் உண்டு. முச்சக்கர வண்டியிலும் உண்டு. வளைவிலே வெளிப்புறச் சில்லு கூடிய தூரமும் உட்புறச் சில்லு குறைந்த தூரமும் ஓடவேண்டியிருக்கும் வரை அது வேண்டப்படும். பெயரின் பொருளை வேறுபடுத்துவதை வேற்றுமை என்கிறோம். இரு சில்லுகளின் வேகத்தை வேறுபடுத்துவது டிபரன்ஷல். அதற்கும் ஒரு குறையுண்டு. சேற்றில் ஒரு சில்லு வீணே சுழல, மற்றது அசையாது நிற்கும். அதனாலன்றோ வயலிற் புதைந்த உழவு இயந்திரத்தில் இரு சில்லுகளையும் ஒன்றாய்ப் பூட்டுகின்றனர்! இதனைத் தென்மராட்சி உழவர் எவரும் அறிவர். நம் மாணவருள் எத்துணைப் பேர் விளக்கி எழுத வல்லர்?

இவற்றைத் தமிழில் எழுத இயலாதென்பாரும் உளர். மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1864 முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார்; அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். மனித உடலின் என்பையும் நரம்பையும் எழுதிய தமிழுக்குக் காரின் பின்னச்சு அரிதாகுமோ?

ஆதலின் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். கட்டடம் எழுப்புக, பரிசிலும் வழங்குக. அவற்றோடு, விடுமுறைதோறும் மாணவர் சிலரை நம்மூர்க் கராச்சுகளுக்கு அனுப்பி, முதிய மெக்கானிக்குகள் சொல்வதைச் சொன்னவாறே எழுதுவித்துப் படத்தோடு நூலாக்க உதவுக. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பாடத்துறை தொடங்கியபின் இதற்கேற்ற மாணவர்க்குக் குறைவில்லை. மொழியைச் செப்பஞ்செய்யும் பணியைத் தமிழாசிரியர் ஏற்போம். கலைச்சொல்லோடு கராச்சுச் சொல்லையும் அருகே நிறுத்துவோம். அதனால் தமிழ் மாசுபடாது. நூல் வெளியாகும் நாளில் அதனைச் சொன்னவரும் மேடையில் அமர்தல் வேண்டும்.

முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே உளர். அவர்தம் வாசலை இனியும் தாண்டிப் போகாதிருப்போமாக.