வளரும் பருவத்தினரின் காலையுணவு

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வரிசையில் நிற்கும் மாணவி ஒருத்தி தலை சுற்றி விழுவதும், தோழியர் இருவர் அவளைத் தாங்கிச் சென்று நிழலில் அமர்த்துவதும், யாரேனும் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதும் ஆசிரியர் அனைவரும் கண்டு பழகிய காட்சி. 'காலையில் என்ன சாப்பிட்டாய்?' என்று வினவினால், 'ஒன்றுமில்லை' என்றோ, 'தேநீர் மட்டும்' என்றோ விடை வரும். காலையில் உண்ணாமல் வரலாகாது என்று அறிவுரை கூறி அவளை வகுப்புக்கு அனுப்பிவிடுகிறோம். மறுவாரம் வேறொருத்தி விழுகிறாள். நாம் ஆண்டுதோறும் வழங்கிவரும் இந்த அறிவுரை பயன் தராமைக்குக் காரணம் யாது என்று ஆராய்வதும், அதற்கு மாற்றாகச் செய்யத்தக்கன சிலவற்றை எடுத்துரைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பருவத்தின் தேவை

பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ள குமரப் பருவத்தினர் நம் நாட்டில் 25 கோடிக்கு மேற்பட்டோர் என்பது 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கினால் விளங்குகிறது. குழந்தைப் பருவத்திற்குப் பின் உடல் மிக விரைவாக வளர்வது இக்காலத்தில்தான். எலும்பில் சுண்ணாம்புச் சத்து பெருமளவில் சேர்வதும், தசை பெருகுவதும், பெண்களுக்கு மாதவிடாய் தொடங்குவதும் இப்பருவத்திலேயே. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் 2020ஆம் ஆண்டில் வகுத்த அளவுகளின்படி, 13 முதல் 15 வயது வரையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 43 கிராம் புரதமும், 30 மில்லிகிராம் இரும்புச் சத்தும், 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். அதே வயதுச் சிறுவனுக்குப் புரதம் 45 கிராமும், இரும்பு 22 மில்லிகிராமும் தேவை.

இத்தேவைக்கும் உண்மை நிலைக்கும் உள்ள இடைவெளி பெரிது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுள் இரத்தசோகை உடையோர் 2015-16இல் நூற்றுக்கு 54.1 பேராக இருந்தனர், 2019-21இல் 59.1 பேராயினர். அதே வயது ஆண்களிலும் நூற்றுக்கு 31.1 பேருக்கு இக்குறை உண்டு. நாட்டின் பிற துறைகள் பல முன்னேறியிருக்க, இவ்வொன்று பின்னோக்கிச் சென்றிருப்பது நம்மனைவரையும் சிந்திக்கச் செய்ய வேண்டும். இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. எனினும், நாளின் முதல் உணவையே இழப்பவர் ஏனைய இரண்டு வேளைகளில் இவ்வளவு தேவையையும் ஈடு செய்துகொள்வது அரிது என்பதற்குக் கணக்கு ஒன்றும் வேண்டா.

இரவு எட்டரை மணிக்கு உண்டு, மறுநாள் காலை ஒன்றும் உண்ணாமல், பகல் ஒரு மணிக்கு உண்ணும் மாணவன் பதினாறு மணி நேரத்திற்கு மேல் பட்டினி கிடக்கிறான். உடல் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மூளையே பெறுகிறது. ஆதலின், கணக்குப் பாடம் நடக்கும் முற்பகல் வேளையில் அவன் கவனம் சிதறுவதில் வியப்பில்லை.

ஆயினும் மிகைப்படுத்தியும் கூறலாகாது. காலையில் உண்ணும் மாணவர் நன்றாகப் படிக்கின்றனர் என்று காட்டும் ஆய்வுகள் பலவற்றில், அம்மாணவர் வசதியுள்ள குடும்பத்தினராகவும் இருத்தல் கூடும். எது எதற்குக் காரணம் என்று பிரித்தறிதல் எளிதன்று. ஜமெய்க்கா நாட்டுக் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு சாராருக்குக் காலையுணவு அளித்து நடத்திய சோதனையின் முடிவு 1998இல் வெளியாயிற்று. உணவு பெற்ற பிள்ளைகளின் வருகையும் உடல் வளர்ச்சியும் உயர்ந்தன. இளைய வகுப்பினர் கணக்கிலும் முன்னேறினர். ஏற்றம் சிறிதே, ஆனால் உண்மையான ஏற்றம். காலையுணவு மந்திரமன்று, ஆனால் அஃதின்றி வேறெந்த முயற்சியும் முழுப் பயன் தராது.

வெறும் வயிறு இரு வகை

நம் அறிவுரை பயனற்றுப் போவதற்கு முதற் காரணம், வெறும் வயிறு இரு வகைப்படும் என்பதை நாம் உணராமையே. வீட்டில் உணவில்லாமையால் வெறும் வயிற்றோடு வருவோர் ஒரு வகையினர். உணவுப் பொருள் இருந்தும் நேரமில்லாமையால் அவ்வாறு வருவோர் மற்றொரு வகையினர். முன்னவருக்கு வேண்டுவது உணவு. பின்னவருக்கு வேண்டுவது வழி. இரு சாராருக்கும் நாம் ஒரே சொற்பொழிவைச் செய்துவருகிறோம்.

தாய் விடியற்காலையில் வயல் வேலைக்கோ ஆலைக்கோ செல்லும் வீட்டில், ஏழு மணிக்குப் பேருந்து பிடிக்க வேண்டிய பெண்ணுக்கு அடுப்பு மூட்டி அப்பம் சுட்டுக் கொடுப்பார் எவருமில்லை. தண்ணீர் எடுத்து, வீடு பெருக்கி, தம்பியைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்தபின் அவளுக்கென்று எஞ்சுவது ஐந்து நிமிடமே. வீட்டில் இருப்பதை எல்லார்க்கும் இட்டுத் தான் கடைசியில் உண்ண வேண்டும் என்னும் வழக்கமும் அவளைத் தடுக்கிறது. உண்டால் உடல் பருத்துவிடும் என அஞ்சுவோரும் நகரங்களில் சிலர் உளர். இவளிடம் 'சமச்சீர் உணவு உண்' என்று கூறுவதால் யாது பயன்? ஐந்து நிமிடத்தில் எது ஆகும் என்று கூறுவதே பயன்.

சில நிமிடங்களில் ஆகும் உணவுகள்

நாளின் தேவையில் நான்கில் ஒரு பங்கேனும் காலையுணவில் கிடைக்க வேண்டும் என்று கொள்வோம். அஃதாவது ஏறத்தாழ 11 கிராம் புரதமும், 250 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் ஆகும். தேநீரும் நான்கு பிஸ்கோத்தும் இதன் அருகிலும் வாரா. ஆனால் நம் நாட்டின் ஒவ்வொரு பகுதியிலும் இத்தேவையை நிறைவேற்றும் பழைய உணவுகள் உள்ளன. அவற்றுட் பல அடுப்பே வேண்டாதவை.

பீகார், ஜார்க்கண்டு, கிழக்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் உழவரும் தொழிலாளரும் காலையில் அருந்துவது சத்து மாவு. இந்தியில் இதன் பெயரே 'சத்து' என்பது. வறுத்த கொண்டைக்கடலையை அரைத்த இம்மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பு, வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து, எலுமிச்சை பிழிந்தால் உணவு ஆயத்தம். ஆகும் நேரம் இரண்டு நிமிடம். 50 கிராம் மாவில் ஏறத்தாழ 10 கிராம் புரதம் உண்டு. எலுமிச்சையிலுள்ள வைட்டமின் 'சி', கடலையிலுள்ள இரும்பை உடல் ஏற்க உதவுகிறது. ஆராய்ச்சிக்கூடம் அறிவதற்கு முன்பே நாட்டுப்புற மக்கள் கண்ட சேர்க்கை இது.

மகாராட்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் அவலை நனைத்துத் தாளித்து உண்கின்றனர். ஒரு கைப்பிடி நிலக்கடலை சேர்த்தால் புரதம் 6 கிராம் கூடும். அஸ்ஸாமில் அவலை நனைத்துத் தயிரும் வெல்லமும் கலந்து உண்பர்; அதற்குத் தாளிப்பும் வேண்டா. கர்நாடகத்தின் கேழ்வரகு சுண்ணாம்புச் சத்தில் தானியங்களுள் தலையாயது; 100 கிராமில் ஏறத்தாழ 360 மில்லிகிராம் உள்ளது. 50 கிராம் மாவில் காய்ச்சிய கஞ்சியில் ஒரு சிறு குவளை பால் சேர்த்தால், நாளின் சுண்ணாம்புத் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலையிலேயே கிடைத்துவிடும்.

ஒடிசாவில் 'பகால்', வங்கத்தில் 'பாந்தா', தமிழகத்தில் பழையது என்று வழங்கும் நீரூற்றிய சோறும் இகழத்தக்கதன்று. இரவில் தூய நீரூற்றி மூடி வைத்தால் காலையில் அது இலேசாகப் புளித்திருக்கும். ஆனால் சோறு மட்டும் போதாது. தயிரோ, சுண்டலோ, அவித்த முட்டையோ உடன் வேண்டும். நாற்றம் மாறியதை உண்ணலாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வட மாநிலங்களில் முன்னிரவு சுட்ட ரொட்டியைத் தயிருடன் உண்பதும் இவ்வகையினதே.

இவை எவையும் இயலாத நாளில், வறுத்த கடலை 30 கிராமும், நிலக்கடலை 30 கிராமும் ஒரு பொட்டலமாகக் கட்டிப் பையில் வைத்துக்கொண்டால், பேருந்தில் அமர்ந்தே 12 கிராமுக்குக் குறையாத புரதத்தைப் பெறலாம். ஒரு வெல்லக் கட்டி சேர்த்துக்கொள்வது சுவைக்கு நன்று. வெல்லத்தில் இரும்பு மிகுதி என்று நாம் பலகாலும் கூறிவருகிறோம். ஒரு சிறு கட்டியில் கிடைப்பது சொற்பமே. அதனினும் ஒரு கொய்யாப் பழம் மேல். அதன் 100 கிராமில் வைட்டமின் 'சி' 200 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதால், கடலையிலுள்ள இரும்பு வீணாகாமல் உடலில் சேரும். தேநீர் இதற்கு நேர்மாறானது. அதன் துவர்ப்புப் பொருள் இரும்பைத் தடுக்கும். தேநீரை முற்றிலும் விலக்குமாறு கூறின் எவரும் கேளார். உணவோடு அருந்தாமல் ஒரு மணி நேரம் தள்ளி அருந்துமாறு கூறுவது நடைமுறைக்கு ஏற்றது.

இவ்வுணவுகளில் பொதுவாக ஒன்று இருப்பதைக் காண்க. வேலையின் பெரும்பகுதி முன்னிரவிலேயே முடிந்துவிடுகிறது. கடலையை ஊறவைத்தலும், பயற்றை முளைக்கட்டுதலும், சோற்றில் நீரூற்றுதலும் படுக்கைக்குச் செல்லுமுன் செய்யும் வேலைகள். பதின்மூன்று வயதுப் பிள்ளை, ஆணாயினும் பெண்ணாயினும், இதைத் தானே செய்ய வல்லது. காலையுணவு தாயின் கடமை என்றே இதுகாறும் பேசிவந்தோம். தாய்மாரைக் கூட்டி வைத்துப் போதிப்பதை விட, பிள்ளையிடமே இவ்வேலையை ஒப்படைப்பது நன்று என்பது என் கருத்து. சிறுவரையும் இதிற் சேர்த்தால், கடைசியில் உண்ணும் பெண்ணின் சுமையும் குறையும்.

மாத்திரையும் வெறும் வயிறும்

வாரந்தோறும் பள்ளிகளில் குமரப் பருவத்தினருக்கு நீல நிற இரும்புச் சத்து மாத்திரை வழங்கப்படுகிறது. 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொண்ட இம்மாத்திரையை உணவுக்குப் பின்னரே உட்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கிய பிள்ளைக்குக் குமட்டலும் வயிற்றுவலியும் நேரலாம். ஒருத்தி வாந்தியெடுத்தால் வகுப்பு முழுவதும் அஞ்சும். மறுவாரம் மாத்திரைகள் சன்னலுக்கு வெளியே கிடக்கும். மருந்தின் மேல் நாம் சுமத்தும் பழி உண்மையில் பட்டினியைச் சேர்ந்தது. ஆகவே, மாத்திரை கொடுக்கும் நாளிலேனும் 'இன்று உண்டவர் யார்?' என்பதை முதலில் அறிந்து, உண்ணாதவர்க்குப் பகலுணவுக்குப் பின் கொடுத்தல் வேண்டும்.

அரசின் கடமை

உணவே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு மேற்கூறிய வழிகள் எவையும் உதவா. கடலை வாங்கக் காசில்லாதவனிடம் கடலையின் சிறப்பை விளக்குவது இரக்கமற்ற செயல். அங்குப் பொது ஏற்பாடு வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய காலையுணவுத் திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. எனினும் அது 1 முதல் 5ஆம் வகுப்புவரை பயில்வோருக்கே உரியது. நாடளாவிய பகலுணவுத் திட்டமோ 8ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. தமிழ்நாடு, கர்நாடகம் போன்ற மாநிலங்கள் தம் பொறுப்பில் 10ஆம் வகுப்புவரை நீட்டியுள்ளன. உடலின் தேவை ஏறும் வயதிலே உதவி இறங்குகிறது என்பதே இதன் பொருள்.

2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, பள்ளியில் காலையுணவு வேண்டும் என்றும், சூடான உணவு இயலாத இடத்தில் நிலக்கடலை அல்லது கொண்டைக்கடலையுடன் வெல்லமும் உள்ளூர்ப் பழமும் தரலாம் என்றும் கூறுகிறது. பெருஞ்செலவோ சமையற்கூடமோ வேண்டாத யோசனை இது. கர்நாடகப் பள்ளிகளில் 2013 முதல் பாலும், 2024 முதல் வாரத்தில் சில நாள் கேழ்வரகு மாவுக் கலவையும் வழங்குவது இத்தகைய எளிய முறை நடைமுறைக்கு ஒத்தது என்பதைக் காட்டுகிறது. இதனை 9 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ளோர்க்கும் விரிவாக்குவது காலத்தின் கட்டாயம் என்பது என் துணிபு.

நாம் செய்யத்தக்கவை

அதுவரை கைகட்டி இருத்தல் தகாது. ஆசிரியர்கள் மாதம் ஒரு முறை, பெயர் எழுதாத துண்டுத் தாளில் அன்று காலை உண்டதை எழுதித் தரச் சொல்லலாம். பலர் முன்னிலையில் எழுப்பி வினவலாகாது. பசி குற்றமன்று, அதைப் பறைசாற்றுவது பிள்ளைக்கு அவமானம். அத்தாள்களைப் பார்த்தால் தம் வகுப்பில் எவ்வகை வெறும் வயிறு மிகுதி என்பது விளங்கும். களப்பணியாளர்கள் நண்பகலில் செல்லும் வீடுகளுக்கு ஒரு நாளேனும் காலை ஆறரை மணிக்குச் சென்று பார்த்தல் நன்று. ஒரு மணி நேரத்தில் அங்குக் காண்பது ஓராண்டுப் பயிற்சிக்குச் சமமாகும். பள்ளியிலும் அதனைச் சுற்றி 50 மீட்டர் எல்லைக்குள்ளும் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்றலாகாது என 2020ஆம் ஆண்டு விதிகள் தடுத்துள்ளன. அவ்விடத்தில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் சுண்டலும் கடலைப் பொட்டலமும் விற்க நாம் துணைபுரியலாம்.

மயங்கி விழுந்த மாணவிக்கு இனி அறிவுரை கூறுமுன், அவள் எந்நேரம் எழுந்தாள், வீட்டில் என்ன இருந்தது, யார் யார் உண்டனர் என்று கனிவோடு தனியே கேட்போம். நேரமில்லை என்பாளாயின் முன்னிரவில் ஊறவைக்கும் வழியைச் சொல்வோம். உணவில்லை என்பாளாயின், அவளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. நம் மேலதிகாரிகளுக்கு எழுத வேண்டியது மிகுதியாக உண்டு.