பர்மா தேக்கும் என் வேலித் தேக்கும்

போன மாசம் ஸ்ரீரங்கத்துல இருந்து ஒரு போன். என் பழைய சிநேகிதனோட மகன். சென்னையில வேலை. தாத்தா காலத்து வீட்டை இடிச்சுட்டுப் புதுசா கட்டுறான்.

"மாமா, தலைவாசல் நிலைக்கு அசல் பர்மா தேக்கு வேணும். மரக்கடைப் பக்கம் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"பழைய வீட்டு மரமெல்லாம் என்னப்பா ஆச்சு?"

"இடிக்கிறவங்களே எடுத்துக்கிட்டாங்க மாமா. அதுக்காகத்தான் கூலியைக் குறைச்சாங்க."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அந்த வீட்டுத் திண்ணையில நான் உட்கார்ந்திருக்கேன். அந்தத் தூணும் உத்தரமும்தான் அசல் பர்மா தேக்கு. அதைக் கூலியில கழிச்சுக் கொடுத்துட்டு, இப்ப அதையே கடையில தேடுறான். இன்னொரு சங்கதி. லால்குடி பக்கம் என் வாழைக்கொல்லை வேலியோரமா, 1996ல எங்க அப்பா வச்ச தேக்கு 42 நிக்குது. சின்ன வயசுல லீவுக்கு வந்தப்ப அந்த நிழல்லதான் அவன் விளையாடினான். அதைப் பத்தி அவன் ஒரு வார்த்தை கேட்கல.

அவன் ஒருத்தனைக் குத்தம் சொல்ல இதை எழுதல. வீடு கட்டுற எல்லாரும் இப்படித்தான் இருக்காங்க. "பர்மா" என்கிற பேருக்கு நம்ம ஊர்ல இன்னும் ஒரு மவுசு.

அந்த மவுசு எப்படி வந்துச்சுன்னு பார்த்தா, 1937 வரைக்கும் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோட ஒரு மாகாணம். ரங்கூன்ல ஏத்துன மரம் சென்னையில இறங்கும். அங்கே கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார்கள் செட்டிநாட்டு வீடுகளுக்குத் தூண் தூணாகக் கொண்டுவந்தாங்க. திருச்சி, ஸ்ரீரங்கத்து வீடுகளுக்கும் வந்துச்சு. அந்த மரத்தோட கதை அவ்வளவு சுத்தமானதும் இல்லை. பம்பாய்–பர்மா வியாபாரக் கம்பெனி வெட்டின மரத்துக்குச் சரியாகக் கணக்குக் காட்டலைன்னு மன்னர் தீபாவோட அரசு அபராதம் போட்டுச்சு. அதையே சாக்கா வச்சு 1885ல வெள்ளைக்காரன் படையெடுத்தான். மன்னரை ரத்னகிரிக்கு நாடு கடத்தினாங்க. ஒரு நாட்டோட ராஜ்யமே மரக்கணக்குத் தகராறுல போச்சு.

இப்போதைய நிலைமை என்ன? காடு அழியுது, மரத்தை உருட்டாகவே அனுப்பினா அறுவை வேலைகூட நமக்கு மிஞ்சலைன்னு, 2014 ஏப்ரல் 1 முதல் மியன்மார் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திருச்சு. அதுவரைக்கும் அதிகமா வாங்கினது நாமதான். 2021ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்ச பிறகு, அங்கே மரம் விற்கிற அரசு நிறுவனத்து மேல அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டாங்க. இன்னைக்கு நம்ம துறைமுகங்கள்ல இறங்குற தேக்கு உருட்டு கானா, ஈக்வடார், பனாமா, கோஸ்டாரிகான்னு எங்கெங்கோ இருந்து வருது. அதுல நிறைய, நம்ம வேலியில நிக்கிற மாதிரியே தோட்டத்துல வச்சு வளர்த்த மரம். கடைக்கு வந்து ரெண்டு மூணு கை மாறினா பேரும் மாறிடுது.

இதைப் படிச்சுட்டு, வெளிநாட்டு மரமே வேண்டாம்னு சொல்றேன்னு நினைக்காதீங்க. பக்கத்து நாடுகளோட மர வியாபாரம் நமக்குப் புதுசு இல்லை. டச்சுக்காரன் காலத்துல யாழ்ப்பாணத்துப் பனைமரம் கடல் தாண்டி நம்ம கரைக்கு வந்துச்சு. நிலைக்கும் ஜன்னலுக்கும் மலேசியாக் கோங்கு இன்னைக்கும் வருது. நம்ம நாட்டுத் தேவைக்கு நம்ம மரம் மட்டும் பத்தவும் பத்தாது. பக்கத்துல இருக்கிறவன்கிட்ட வாங்குறதுதான் கப்பல் கூலிக்கும் நல்லது, உறவுக்கும் நல்லது. ஆனா எப்படி வாங்குறோம் என்பதுதான் கேள்வி.

மண்ணச்சநல்லூர் பக்கம் அரிசி ஆலைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். நெல்லாக வித்தா விவசாயிக்கு என்ன மிஞ்சும், அரிசியாக வித்தா ஆலைக்கு என்ன மிஞ்சும்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மியன்மார்க்காரன் உருட்டைத் தரமாட்டேன், பலகையாக வாங்கிக்கோன்னா, அவன் சொல்றது நியாயம். இந்தோனேசியாவுல மரம் சட்டப்படி வெட்டினதுதானான்னு சரிபார்த்துச் சான்று கொடுக்கிற முறை வச்சிருக்காங்க. அதை நம்பி 2016ல இருந்து ஐரோப்பா அவங்க மரத்தை வாங்குது. இவ்வளவு பெரிய வாடிக்கையாளரான நாம ஏன் அந்தச் சீட்டைக் கேட்கக்கூடாது? காட்டுல திருடின மரம் மலிவாக வந்தா அங்கே காடு போகுது, இங்கே என் மாதிரி ஆளோட தேக்குக்கு விலை போகுது. ரெண்டு பேருக்கும் நட்டம்.

இப்ப என் மரத்துக் கதைக்கு வர்றேன். ரெண்டு வருஷம் முன்னாடி பொண்ணு படிப்புக்காகப் பத்து மரம் விக்கலாம்னு நினைச்சேன். வந்த வியாபாரி மரத்தை நிமிர்ந்து பார்த்துட்டு, குத்துமதிப்பாக மொத்தத்துக்கு ஒரு விலை சொன்னார். அளந்து சொல்லுங்கன்னேன். அளவு எப்படித் தெரியுமா? சுற்றளவை நாலால வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால பெருக்கணும். 4 அடி சுற்றளவு, 10 அடி நீளம்னா 10 கன அடி. ஆனா உருட்டோட உண்மையான கன அளவு கிட்டத்தட்ட 12.7. பட்டைக்கும் அறுவைச் சேதாரத்துக்கும்னு வெள்ளைக்காரன் காலத்துல வந்த கணக்கு இது. பர்மா உருட்டையும் இதே அளவுலதான் வித்தாங்க. சரி, ஊரோட ஒத்துப்போவோம். ஆனா அந்தக் கழிவு போக, வெள்ளை அதிகம், வைரம் கம்மின்னு மறுபடியும் கழிச்சா எப்படி?

அப்புறம் அனுமதி. பட்டா நிலத்துல நான் வச்ச மரம்னு நிரூபிக்கச் சிட்டா, அடங்கல், சான்றிதழ்னு ஒரு அலுவலகத்துல இருந்து இன்னொரு அலுவலகத்துக்கு நடந்தேன். வாழைக்குத் தண்ணி பாய்ச்சுற நேரம் அது. கடைசியில நகையை அடகு வச்சுப் பீஸ் கட்டினேன். மரம் இன்னும் நிக்குது.

2023 டிசம்பர்ல மத்திய அரசு நாடு முழுக்க மரம் கொண்டுபோக இணையவழி அனுமதிச் சீட்டு முறையைக் கொண்டுவந்துச்சு. 2025 ஜூன்ல விவசாய நிலத்து மரங்களை வெட்ட மாதிரி விதிகளும் வெளியிட்டாங்க. நல்ல ஆரம்பம். ஆனா சீட்டு மட்டும் போதாது. தேக்கை வெட்டினா உடனே நிலை செய்ய முடியாது, காயணும். வீடு கட்டுறவர் ஆறு மாசம் காத்திருக்க மாட்டார். அறுத்துக் காய வச்ச பலகை கடையில தயாரா இருக்கு, அதான் ஜெயிக்குது. 1974ல தொடங்கின தமிழ்நாடு வனத் தோட்டக் கழகத்துக்குத் தலைமை அலுவலகம் நம்ம திருச்சியிலதான் இருக்கு. விவசாயி மரத்தை அளந்து வாங்கி, அறுத்து, காய வச்சு, எந்த ஊர், எந்தச் சர்வே நம்பர்னு முத்திரை போட்டு விக்கிற ஒரு கிடங்கை ஏன் இங்கே வைக்கக்கூடாது? உலகமே "இந்த மரம் எங்கே வளர்ந்தது?"ன்னு கேட்குது. அதுக்குச் சர்வே நம்பரோட பதில் சொல்ல முடிஞ்சவன் பட்டாதாரர்தான்.

நகரத்துல வீடு கட்டுற நண்பர்களுக்கு மூணு விஷயம். ஒண்ணு, பழைய வீட்டை இடிக்கும்போது மரத்தைக் கூலியில கழிக்காதீங்க. ஒரு ஆசாரியைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. ரெண்டு, கடையில "பர்மா"ன்னு சொன்னா, எந்த நாட்டுல இருந்து வந்ததுன்னு காகிதம் கேளுங்க. மூணு, வீட்டுக்கு வரைபடம் போடும்போதே மரத்துக்கும் சொல்லி வைங்க. கடைக்கால் தோண்டுறப்பவே சொன்னா, கதவு மாட்டுறதுக்குள்ள எங்க தேக்கும் காஞ்சிடும். எல்லாத்துக்கும் தேக்கே வேணும்னும் இல்லை. உள் கதவுக்கும் அலமாரிக்கும் வேம்பு, பூவரசு, பலா எல்லாம் நம்ம முன்னோர் பயன்படுத்தினதுதான்.

அந்தத் தம்பியைக் கையோடு கூட்டிட்டுப் போய், வீட்டை இடிச்ச ஆளைத் தேடிப் பிடிச்சோம். தூணெல்லாம் போயிருச்சு. நாலு உத்தரம் மட்டும் கொட்டகையில கிடந்துச்சு. தாத்தா வீட்டு மரத்தைப் பேரன் காசு கொடுத்துத் திரும்ப வாங்கினான், குறைச்ச கூலியை விட அதிகமாவே. தலைவாசல் நிலை அதுலதான் செய்யப் போறாங்க.

மாடி இன்னும் ஒரு வருஷம் கழிச்சுத்தான் எடுப்பானாம். "அதுக்கு உங்க மரம் மாமா"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். நான் மறுபடியும் சிட்டா, அடங்கல் எடுத்து வச்சிருக்கேன்.