மாலின் சட்டையும் மறைந்திருக்கும் பொத்தானும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது மனிதர்களுக்கு மட்டுமல்ல, ஷாப்பிங் மால்களுக்கும் பொருந்தும். உள்ளே எத்தனை கடைகள் இருந்தாலும், ரோட்டில் போகிறவரை முதலில் இழுப்பது வெளிச்சுவர்தான். அந்தச் சட்டையைத் தைக்கப் பல பெரிய மால்கள் நம்பியிருப்பது பிரீகாஸ்ட் கான்கிரீட். சுவரை அங்கேயே கட்டுவதில்லை. தொழிற்சாலையில் அச்சில் வார்த்து, கல் போலவோ செங்கல் போலவோ முகம் கொடுத்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனில் தூக்கி மாட்டுகிறார்கள்.

ஏன் இந்த அவசரம்? மாலை விரிவாக்கும்போது பழைய மாலை இழுத்து மூட முடியாதே! லண்டனில் 2008-ல் திறந்த வெஸ்ட்ஃபீல்ட் மால், சுமார் 60 கோடி பவுண்டு செலவில் விரிவாக்கப்பட்டு, 2018 மார்ச்சில் புதிய பகுதி திறக்கப்பட்டது. பக்கத்தில் கட்டட வேலை, இந்தப் பக்கம் வியாபாரம். இப்படிப்பட்ட இடங்களில் சாரம் கட்டி மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருக்க முதலாளிகளுக்குப் பொறுமை இருக்காது. ஒரு நாள் தாமதம் என்றால் ஒரு நாள் வாடகை போச்சு.

சரி, மாட்டுவது என்றால் காலண்டர் மாட்டுவது போலவா? 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 150 மில்லிமீட்டர் கனம் உள்ள ஒரு பேனலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2,400 கிலோ. கணக்குப் போட்டால் சுமார் ஆறரை டன்! அதைப் பிடித்திருப்பது பின்னால் இருக்கும் சில பிராக்கெட்டுகளும் போல்ட்டுகளும்தான். பெரும்பாலும் இரண்டு பிராக்கெட்டுகள் எடையைத் தாங்கும். மற்றவை, காற்றில் பேனல் முன்னும் பின்னும் சாயாமல் பிடிக்கும்.

இதில் இன்னொரு சங்கதி. வெயிலில் 30 டிகிரி சூடு ஏறினால் அந்தப் பேனல் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் நீளும். அதற்காகத்தான் போல்ட் துளையை நீளவாக்கில் வைக்கிறார்கள், பேனல்களுக்கு நடுவே இடைவெளி விடுகிறார்கள். கடைசியில் அந்த இடைவெளியை சீலன்ட் வைத்து அடைத்து, உள்பக்கம் பலகை அடித்துவிடுவார்கள். அதன் பிறகு பிராக்கெட்டை யார் பார்க்கப் போகிறார்கள்? பிரச்சினையே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

2009 ஜூலையில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில், உயரமான ஹோட்டல் ஒன்றின் வெளிச்சுவரிலிருந்து கான்கிரீட் பலகை பெயர்ந்து விழுந்தது. கீழே உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் இறந்துபோனார். அதற்குப் பிறகு கியூபெக் மாகாணத்தில் 2013-ல் விதி வந்தது. 5 மாடியும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களின் முகப்பை 5 ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் பெரும்பாலான மால்கள் இரண்டு, மூன்று மாடிதானே? ஆறரை டன் பேனல் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தால் மெதுவாகவா விழும்?

2016 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், புயல் காற்றில் ஓர் ஆரம்பப் பள்ளியின் சுவர் இடிந்தது. பள்ளி திறக்காத நேரம் என்பதால் குழந்தைகள் தப்பினார்கள். அந்த ஆண்டு அங்கே 17 பள்ளிகள் மூடப்பட்டன. சுவரைக் கட்டடத்தோடு பிணைக்கும் கம்பிகள் போதிய ஆழம் பதிக்கப்படவில்லை என்றும், வேலையைத் தனியாக நின்று பார்க்கும் ஆள் இல்லை என்றும் 2017-ல் விசாரணை அறிக்கை சொன்னது. அது பிரீகாஸ்ட் அல்ல, செங்கல் சுவர். ஆனால் பாடம் ஒன்றுதான். 2005-ல் திறந்த பள்ளியில் தப்பு வெளியே தெரிய ஏறக்குறைய 11 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இங்கே பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். காண்ட்ராக்டர் பில்லில் 3 முதல் 5 சதவீதத்தை ரிடென்ஷன் என்று பிடித்துவைப்பது பிரிட்டனில் நெடுங்கால வழக்கம். வேலை முடிந்ததும் பாதி, பெரும்பாலும் ஒரு வருடம் கழித்து மீதி கிடைக்கும். பெயின்ட் உரிந்தால், தண்ணீர் ஒழுகினால் இது உதவும். ஆனால் ஒரு வருட ஜாமீனை வைத்துக்கொண்டு பதினோராவது வருடம் தெரியப்போகும் தப்பை எப்படிப் பிடிப்பது? கணக்கு உதைக்கிறதே!

தீர்வு ஒன்றும் பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஒவ்வொரு பிராக்கெட்டையும் மூடுவதற்கு முன், அதை மாட்டாத வேறொருவர் பார்க்க வேண்டும். எண் போட்டு, போட்டோ எடுத்து, கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அந்தப் பேனலுக்கான பில் பாஸ் ஆகக் கூடாது. மால் கைமாறினாலும் அந்தப் பதிவேடு கட்டடத்தோடேயே போக வேண்டும்.

'செலவாகும், நேரமாகும்' என்பார்கள். ஆகட்டுமே! திறந்திருக்கும்போது பார்க்கச் சில நிமிடங்கள் போதும். மூடிய பிறகு பார்க்க வேண்டுமென்றால் கிரேன் வர வேண்டும், கீழே கடையை அடைக்க வேண்டும். எது லாபம் என்று நீங்களே சொல்லுங்கள்.