இந்தக் காருக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

பொங்கல் விடுமுறையின்போது, பெங்களூரில் பணிபுரியும் என் கல்லூரித் தோழர் ஒருவர் நெய்வேலிக்கு வந்திருந்தார். அவர் ஓட்டி வந்த வண்டி டொயோட்டா காம்ரி ஹைபிரிட். எங்கள் வட்டத்துச் சாலையில் அது ஓசையே இல்லாமல் ஊர்ந்து வந்து வீட்டு வாசலில் நின்றது. தெருப் பையன்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகன் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தான். பிறகு, "மாமா, இதுக்குச் சார்ஜ் போடற இடத்தையே காணோமே?" என்று கேட்டான்.

"பெட்ரோல் பங்க்லதான்டா தம்பி போடணும்" என்றார் தோழர்.

பையன்கள் சிரித்தார்கள். ஆனால் அது வேடிக்கைப் பேச்சன்று, முழு உண்மை. "பெட்ரோல் பாதி, மின்சாரம் பாதியில் ஓடும் கார்" என்று படித்தவர்களே பேசக் கேட்கிறேன். அது தவறு. இந்தக் காருக்குள் வெளியிலிருந்து வரும் ஆற்றல் ஒன்றே ஒன்றுதான், அது பெட்ரோல். அதன் மின்கல அடுக்கில் உள்ள மின்சாரம் முழுவதும் அந்தப் பெட்ரோலிலிருந்து பிறந்ததே. (சுவரில் செருகி மின்னேற்றும் ஹைபிரிட் வகையும் உண்டு. அதன் கணக்கு வேறு. இங்கே அதை எடுத்துக்கொள்ளவில்லை.)

அப்படியானால் மோட்டாரும் மின்கலமும் எதற்காக? வீண் சுமையல்லவா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. விடை பெட்ரோல் என்ஜினின் குணத்தில் இருக்கிறது.

பெட்ரோல் என்ஜின் ஒரு விசித்திரமான வேலைக்காரன். நிறைய வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வான். கொஞ்சமாக வேலை கொடுத்தால் கூலியை முழுவதும் வாங்கிக்கொண்டு சோம்பிக் கிடப்பான். நல்ல சுமையோடு மிதமான வேகத்தில் சுழலும்போது சாதாரண என்ஜின் எரிபொருளின் ஆற்றலில் சுமார் 35 விழுக்காட்டை வேலையாக மாற்றித் தரும். கடைத்தெரு நெரிசலில் ஊரும்போது இது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். சிக்னலில் நிற்கும்போது பயன் சுழி. ஆனால் பெட்ரோல் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

காம்ரியில் இருப்பது நான்கு உருளைகள் கொண்ட 2,487 கன செ.மீ. என்ஜின். இது ஆட்கின்சன் சுழற்சி என்னும் முறையில் இயங்குகிறது. 1880களில் ஜேம்ஸ் ஆட்கின்சன் என்ற ஆங்கிலேயர் கண்ட வழி அது. வாயுவை அமுக்கும் தூரத்தைவிட, எரிந்த வாயு விரியும் தூரத்தை அதிகமாக வைத்தால் வெப்பத்திலிருந்து கூடுதல் வேலையைக் கறந்துவிடலாம் என்பது அவர் கருத்து. அதற்காக அவர் சிக்கலான நெம்புகோல்களை அமைத்தார். இன்று உள்வாங்கும் வால்வைச் சற்றுத் தாமதமாக மூடி அதே பலனைப் பெறுகிறார்கள். இதனால் உச்சப் பயனுறு திறன் 41 விழுக்காடு வரை எட்டுகிறது என்று தயாரிப்பாளர்கள் கூறுகிறார்கள். பெட்ரோல் என்ஜினுக்கு இது பெரிய மதிப்பெண்தான்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. இத்தகைய என்ஜின் குறைந்த வேகத்தில் வலுவற்றது. நின்ற வண்டியை இழுக்கத் திணறும். மின்மோட்டாரோ இதற்கு நேர் எதிர். சுழலத் தொடங்கும் கணத்திலேயே முழுத் திருப்பு விசையையும் தரும். ஒருவர் குறையை மற்றவர் மறைக்கும் நல்ல குடும்பம்போல் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன.

சேர்த்து வைப்பது ஒரு கோள் பற்சக்கர அமைப்பு. நடுவில் சூரியச் சக்கரம். அதைச் சுற்றி வரும் சிறு கோள் சக்கரங்கள். வெளியே, உட்புறம் பல் வெட்டிய வளையச் சக்கரம். சூரியச் சக்கரத்தோடு ஒரு மின்னியற்றியும், கோள் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தோடு என்ஜினும், வளையச் சக்கரத்தின் பக்கம் பெரிய மோட்டாரும் வண்டிச் சக்கரங்களும் இணைந்திருக்கின்றன. இம்மூன்றில் எவையேனும் இரண்டின் வேகத்தை முடிவு செய்துவிட்டால் மூன்றாவதன் வேகம் தானே முடிவாகிவிடும். எனவே வண்டி எந்த வேகத்தில் ஓடினாலும், மின்னியற்றியின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, என்ஜினை அதற்குப் பிடித்த வேகத்தில் வைத்துக்கொள்ளலாம். கிளட்ச் இல்லை, படிப்படியான கியர் இல்லை, என்ஜினைக் கிளப்பத் தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை. இவ்வளவு எளிய பற்சக்கரங்களைக் கொண்டு இவ்வளவு செய்ததை, என்னைக் கேட்டால், தோல் இருக்கைகளையும் ஒன்பது ஒலிபெருக்கிகளையும்விடப் பெரிய சொகுசு என்பேன்.

மாலையில் தோழர் எங்களைப் பண்ருட்டி வரை அழைத்துச் சென்றார். நகரியத்துக்குள் பெரும்பாலும் மோட்டார் மட்டுமே ஓடிற்று. படுத்திருந்த மாடு ஒன்று, வண்டி முட்டும் தூரத்துக்கு வந்த பிறகே தலையைத் திருப்பிப் பார்த்தது! நெடுஞ்சாலையில் முந்திரி மூட்டை ஏற்றிய லாரி ஒன்றை முந்தியபோது ஒன்றைக் கவனித்தேன். தோழர் மிதியை அழுத்தியதும் என்ஜின் ஒரே சுருதியில் உரக்கப் பாடத் தொடங்கியது. வண்டியின் வேகம் அதன் பின்னால் நிதானமாக ஏறியது. நமக்குப் பழகிய வண்டிகளில் ஓசையும் வேகமும் கைகோத்து ஏறும், இங்கே அவ்வாறில்லை. கோள் சக்கரத்தின் கணக்கை மேலே பார்த்தீர்கள். இது அதன் விளைவு. காதுக்கு இது பிடிப்பதில்லை என்று, இல்லாத கியர்கள் மாறுவதுபோல் பாவனை செய்யும் ஏற்பாட்டையும் சில மாதிரிகளில் வைத்தார்கள். பொறியியல் முன்னே போகிறது, பழக்கம் பின்னே இழுக்கிறது!

இனிப் பிரேக். ஆட்களோடு சேர்த்து வண்டியின் நிறை 1,800 கிலோகிராம், வேகம் மணிக்கு 72 கி.மீ., அதாவது வினாடிக்கு 20 மீட்டர் என்று கொள்வோம். இயக்க ஆற்றல் ½ × 1,800 × 400. அதாவது 3,60,000 ஜூல். சாதாரணக் காரில் பிரேக் போட்டால் இது முழுவதும் உராய்வில் சூடாகிக் காற்றில் போய்விடும். இவ்வளவு இயக்க ஆற்றலைத் திரும்பப் பெற நல்ல என்ஜினுக்கும் சுமார் 28 மில்லிலிட்டர் பெட்ரோல் வேண்டும். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை ஒன்றின் அளவு. ஹைபிரிட்டில் பிரேக்கை மிதித்ததும் மோட்டார் மின்னியற்றியாக மாறி, வண்டியைத் தடுத்து, அந்த ஆற்றலை மின்கலத்தில் சேர்க்கிறது. போய்வரும் வழியில் ஒரு பங்கு வெப்பமாகிவிடும். பாதியேனும் திரும்பும் என்று கொள்ளலாம். சென்னை மெட்ரோ ரயிலும் இதைத்தான் செய்கிறது. ஆனால் ரயில் மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்பிவிடலாம். காருக்குத் தன் மின்கலம்தான் கதி.

அந்த மின்கலம் மிகச் சிறியது. அதன் கொள்ளளவு ஒன்று அல்லது ஒன்றரை யூனிட்தான். உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் உயரம் ஏறத்தாழ 1,900 மீட்டர். 1,800 கிலோகிராம் அவ்வளவு தூரம் இறங்கினால் வெளிப்படும் நிலை ஆற்றல் 9 யூனிட்டுக்கு மேல். சாலையும் காற்றும் தின்றது போக மிஞ்சுவதைக்கூட இந்தச் சிறு பானை தாங்காது. பாதி மலை இறங்குவதற்குள் அது நிரம்பிவிடும். பிறகு பழைய வண்டிகளைப்போல் என்ஜினின் தடையையும் உராய்வுப் பிரேக்கையும்தான் நம்பவேண்டும். நெடுஞ்சாலையிலும் இந்தத் திறமைக்கு வேலை குறைவு. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் சீராக ஓடும் வண்டி பிரேக்கே போடாதபோது எதைத் திரும்பப் பெறுவது?

திரும்பும் வழியில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. "இதுக்குப் பேசாம முழு மின்சாரக் காரே வாங்கியிருக்கலாமே, புகையே இல்லையே?" என்றான் மகன். நெய்வேலிப் பிள்ளை கேட்கக்கூடிய கேள்வியா இது! காரின் பின்புறம் புகை இல்லை, உண்மைதான். ஆனால் அந்தப் புகை எங்கே போயிற்று என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்?

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோகிராம் கரியமில வாயு வரும். காம்ரி அங்கீகாரச் சோதனையில் லிட்டருக்கு 25 கி.மீ.க்குச் சற்று மேல் ஓடுகிறது. நம் சாலையில் 18 என்றே வைப்போம். கிலோமீட்டருக்கு 128 கிராம். எண்ணெய் எடுப்பதும் சுத்திகரிப்பதும் சேர்ந்தால் ஏறத்தாழ 150 கிராம். இதே பருமனுள்ள மின்சாரக் கார், கம்பியிலும் மின்னேற்றத்திலும் ஆகும் இழப்பையும் சேர்த்து, உற்பத்தியாகும் ஒரு யூனிட்டுக்கு 5 கி.மீ. ஓடும் எனலாம். நாட்டின் மின்சாரம் முழுவதையும் சராசரி பார்த்தால் யூனிட்டுக்கு 0.7 கிலோகிராமுக்குச் சற்று மேல். எனவே கிலோமீட்டருக்கு 140 கிராம் அளவில் நிற்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே!

பழுப்பு நிலக்கரியை மட்டும் எடுத்துக்கொண்டால் நிலைமை மாறுகிறது. நம் நிலக்கரியின் எடையில் சுமார் பாதி நீர். உலையில் முதலில் அந்த நீரை ஆவியாக்க வேண்டும். அந்த ஆவியின் உள்ளுறை வெப்பம் நமக்குத் திரும்புவதில்லை. ஆகவே யூனிட்டுக்கு 1.2 கிலோகிராமுக்கு மேல் கரியமில வாயு. காருக்குக் கிலோமீட்டருக்கு 240 கிராம். நம் ஊர் வீடுகளில் உலை கொதிப்பது இந்தக் கரியால்தான். அதற்காகக் கணக்கை மாற்றி எழுத முடியாது. அதே மின்சாரக் காருக்குச் சூரிய மின்சாரத்தை ஊட்டினால் இந்த எண் மிகச் சிறிதாகிவிடும். நெய்வேலியிலேயே சூரிய மின் நிலையமும் இருக்கிறது. மின்சாரக் காரின் பெருமை இங்கேதான். மின்நிலையம் மாறினால் போதும், பத்தாண்டுப் பழைய மின்சாரக் காரும் சுத்தமாகிவிடும். பெட்ரோல் பங்கில் சார்ஜ் போடும் காருக்கு அந்த வழி இல்லை. அதன் கணக்கு வாங்கிய அன்றே முடிவாகிவிட்டது.

இருந்தாலும் நான் ஹைபிரிட்டைக் குறைத்துப் பேசமாட்டேன். இருக்கிற ஆற்றலைச் சிந்தாமல் செலவழிக்கும் வித்தை அது. 1900ஆம் ஆண்டிலேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ஜினையும் மோட்டாரையும் சேர்த்து வண்டி செய்தார். 1997இல் டொயோட்டாவின் பிரியஸ் அதைப் பெருமளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2013 முதல் பெங்களூரை அடுத்த பிடதியிலேயே காம்ரி ஹைபிரிட்டைப் பூட்டுகிறார்கள். என் குறை ஒன்றுதான். நாற்பது லட்சத்துக்கு மேல் விலையுள்ள, பெரும்பாலும் ஓரிருவரோடு நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியிலா இந்தச் சிக்கனத்தை முதலில் வைப்பது? அடிக்கடி நிற்கும் வண்டிக்குத்தானே இது அதிகம் பயன்படும்?

மறுநாள் காலை மகன் வடலூர் பேருந்தில் போகும்போது நிறுத்தங்களை எண்ணி வரச் சொன்னேன். பயணிகளோடு 12,000 கிலோகிராம், வினாடிக்கு 10 மீட்டர் வேகம் என்றால் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் 6 லட்சம் ஜூல் பிரேக்கில் எரிகிறது. இருபது முறை நின்றால் 120 லட்சம் ஜூல். டீசல் என்ஜின் அவ்வளவு வேலையைச் செய்ய ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் வேண்டும். மாலையில் அவன் நோட்டைக் காட்டினான். போய்வர முப்பத்தொரு நிறுத்தங்கள். வேகத்தடைகளையும் ஆடுகளையும் சேர்க்கவில்லையாம்.