உம் கொட்டும் செவிகள் வேண்டும்!

கதை சொல்வதற்கு வாய் ஒன்று போதும்; அது வளர்வதற்கோ செவிகள் பல வேண்டும். பாட்டி கதை கூறுங்கால் பேரப்பிள்ளைகள் ‘உம்’ கொட்டுதல் தமிழில்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். அவ்வொலி நின்றால் கதையும் நின்றுவிடும். பிள்ளைகள் உறங்கிவிட்டனரா என்று அறிதற்கு மட்டும் அஃது ஏற்பட்டதன்று. ‘மேலே சொல்க’ என்று ஊக்கும் ஏவலும் அதுவே. இன்று கதை சொல்ல விழையும் தமிழிளைஞர்க்குக் குறைவில்லை. அவர்க்கு உம் கொட்டுவோரே குறைந்துபோயினர்!

கதை புனைதல் தமிழர்க்குப் புதிய கலையன்று. பொய்யாகப் புனைந்துரைக்கும் கதையையும் நகை விளைக்கும் கதையையும் உரைநடையின் வகைகளாகத் தொல்காப்பியச் செய்யுளியல் வகுத்துள்ளது. அத்துணைத் தொன்மை வாய்ந்த கலை, திண்ணையிலும் களத்துமேட்டிலும் வளர்ந்தது. அங்கு நேற்றுக் கேட்டவனே இன்று சொல்பவனானான்.

கரிசல் நிலமே இதற்குச் சான்று. கோவிற்பட்டியை அடுத்த இடைசெவல் என்னும் சிற்றூரில் 1922-இல் கி. இராசநாராயணனும், 1923-இல் கு. அழகிரிசாமியும் பிறந்தனர். தோழர் இருவருள் அழகிரிசாமி இளமையிலேயே எழுத்துலகிற் புகுந்தார். இராசநாராயணனோ பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாத உழவர். அவர்தம் முதற்கதை அச்சேறியபோது அகவை 35-ஐக் கடந்திருந்தது. ‘உழுபவனுக்கு எழுத்து எதற்கு?’ என்று எவரேனும் அவரைத் தடுத்திருப்பின், தமிழுக்கு நேர்ந்திருக்கும் இழப்பு எத்துணை! பின்னாளில் அவரைப் புதுவைப் பல்கலைக்கழகமே பேராசிரியராக அழைத்துக்கொண்டதன்றோ? அவரும் தம் எழுத்தோடு அமைந்தாரல்லர். உழவர் நாவில் வழங்கிய கரிசற் சொற்களைத் திரட்டி அகரமுதலி செய்தார். அவ்வட்டார எழுத்தாளர் பலருடைய கதைகளைத் தொகுத்துக் ‘கரிசல் கதைகள்’ என நூலாக்கினார். அழகிரிசாமி (1970), இராசநாராயணன் (1991), பூமணி (2014), சோ. தருமன் (2019) எனச் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றோர் நால்வரை அவ்வொரு வட்டாரம் ஈன்றுள்ளது.

இனி, தமிழ் மன்றங்களின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நடுங்கும் கையோடு முதற்கதையை நீட்டும் இளைஞனுக்கு அங்குக் கிடைப்பது யாது? கதையைப் படிக்குமுன்னரே ஒற்றுப்பிழையை எண்ணுகின்றனர். அயற்சொற்களைச் சிவப்பு மையாற் சுழிக்கின்றனர். அவையறியச் சுட்டி நகைக்கின்றனர். மறுமாதம் அவன் இருக்கை வெறுமையாகிவிடுகின்றது. கதையினின்று பத்து அயற்சொற்களைக் களைவது எளிது. எழுதுவதையே விட்டொழித்த ஒருவனை மீட்பது எளிதோ?

அங்ஙனமாயின் பிழைகளைப் பொறுத்துக்கொள்வதா எனின், அன்று. திருத்துதற்கும் காலமும் இடமும் உண்டு என்பதே கருத்து. ‘சந்தோசம்’ என்று எழுதிவந்தவனிடம் முதலிற் கதையை முழுமையாகக் கேட்டு, ‘அப்பால் என்ன நடந்தது?’ என வினவிப் பின்னர்த் தனியே அழைத்து ‘மகிழ்ச்சி’ என்னும் சொல்லைக் கையில் வைத்தால், அவன் அதை வாழ்நாள் முழுவதும் விடான். அவையில் நகைத்துத் திருத்தினாலோ, சொல்லையும் வெறுப்பான், சொன்னவரையும் வெறுப்பான்.

ஆதலின், ஊர்தோறும் கதை மன்றம் அமைத்தல் வேண்டும். அதற்குப் பொருட்செலவு வேண்டா. பள்ளித் திண்ணையும் மாதத்தில் ஒரு மாலையும் போதும். முதல் வாய்ப்புப் புதியவர்க்கே உரியதாகட்டும். கல்லாத முதியவர்களும் வந்து தாம் கேட்ட கதைகளைக் கூறட்டும். புலவர் அறியாத தூய தமிழ்ச்சொற்கள் அவர்தம் நாவில் இன்னும் உயிரோடுள்ளன. சொல்லப்பட்ட கதைகளைக் கையெழுத்து இதழாகத் தொகுக்கட்டும். தேர்ந்த எழுத்தாளர் முன்வரிசையில் அமர்ந்து, தீர்ப்புக் கூறாது, கேட்கட்டும்.

மொழியைக் காப்பது அதனைப் பேசுவோர் வாய். அவ்வாயைத் திறப்பிப்பது கேட்போர் செவி. தமிழ்ப் பற்றுடையோர் அச்செவியை இன்றே கொடுப்பாராக!