கடல் தாண்டி வந்த பாட்டு

"இது என்ன பாட்டா? சண்டை போடுவது மாதிரி அல்லவா இருக்கிறது!"

மகனின் கைப்பேசியில் ராப் பாட்டு ஒலித்தால், பல வீடுகளில் அப்பா இப்படித்தான் கேட்கிறார். மகன் சிரிக்கிறான். பதில் சொல்வது இல்லை.

பதில் இருக்கிறது. அது திருவாலங்காட்டில் தொடங்குகிறது. மலேசியாவுக்குப் போகிறது. சுற்றிக்கொண்டு, மறுபடியும் திருவாலங்காட்டுப் பக்கமே வந்து சேருகிறது.

ராப் என்பது ராகம் போட்டு இழுக்கிற பாட்டு அல்ல. தாளத்துக்குள் சொல்லை அடுக்கிப் பேசுகிற பாட்டு. எதுகை இருக்கும். மோனை இருக்கும். எதிராளியைச் சீண்டுவதும் இருக்கும்.

1973-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தில் பிராங்ஸ் என்ற ஏழைகள் பகுதியில் ஒரு வீட்டு விருந்து நடந்தது. கூல் ஹெர்க் என்ற கறுப்பு இளைஞர் இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றிச் சுழலவிட்டார். தாளம் மட்டும் ஒலிக்கிற இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டார். கூட்டம் ஆடியது. "ஹிப் ஹாப்" பிறந்த நாள் அது என்கிறார்கள்.

அந்தப் பாட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவன், பாட்டுக்குள்ளேயே தன் பெயரைச் சொல்வான். "இதைச் சொல்வது நான்தான்" என்று மார் தட்டுவான்.

அப்பாவுக்குப் பிடிக்காத இடமும் இதுதான். "என்ன திமிர்!" என்கிறார்.

அம்மையார் சொன்ன பெயர்

திருவாலங்காட்டுக்காரர்கள் இதைத் திமிர் என்று சொல்லலாமா?

காளியும் சிவனும் போட்டி போட்டு ஆடிய இடம் அவர்கள் ஊர் என்பது புராணம். சிவன் காலைத் தலைக்கு மேலே தூக்கி ஆடி வென்றாராம். ஐந்து சபைகளில் ஒன்றான ரத்தின சபை அங்கேதான் இருக்கிறது. போட்டியும் சவாலும் அந்த மண்ணுக்குப் புதிது அல்ல.

காரைக்கால் அம்மையார் அந்த ஊருக்கு வந்து பாடினார். சுடுகாட்டைப் பாடினார். பேய்களைப் பாடினார். இசைக் கருவிகளின் பெயர்களைக் கடகடவென்று அடுக்கினார். பதிகத்தின் கடைசிப் பாட்டில் தன் பெயரையும் வைத்தார். என்ன பெயர் தெரியுமா? "காரைக்கால் பேய்" என்று! பாட்டில் தன் பெயரைப் பதித்து வைத்த ஆதித் தமிழ்ப் புலவர்களில் அவர் ஒருவர். அதுவும் ஒரு பெண்!

இன்னொன்றும் உண்டு. 1905-ல் திருவாலங்காட்டில் செப்பேடுகள் கிடைத்தன. மொத்தம் 31 ஏடுகள். ராஜேந்திர சோழன் காலத்தவை. சோழனின் படை கடல் தாண்டிப் போய்க் கடாரத்தை வென்றது என்று அதில் இருக்கிறது. கடாரம் என்பது இன்றைய மலேசியாவில் உள்ள கெடா. மன்னன் புகழைச் சொல்லும் அந்தச் செப்பேடு, அதை எழுதிய கவிஞனையும் மறக்கவில்லை. சங்கரன் மகன் நாராயணன் என்று அவன் பெயரும் செம்பில் ஏறியது.

பெயர் இல்லாத பயணம்

பிறகு 800 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அதே கடலில் வேறு கப்பல்கள் போயின.

அவற்றில் படை இல்லை. கூலிகள் இருந்தார்கள். வட ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சை என்று பல பக்கத்து ஏழைகள். பஞ்சம் துரத்தியது. கங்காணி ஆசை காட்டினான். மலாயாவுக்குப் போனவர்கள் ரப்பர் மரம் சீவினார்கள். இலங்கைக்குப் போனவர்கள் தேயிலை கிள்ளினார்கள்.

இலங்கைக்குப் போனவர்களுக்குத் தகரத்தில் ஒரு துண்டு கொடுத்தார்கள். அதில் எண் அடித்திருக்கும். கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். இந்த ஆள் இந்தத் தோட்டத்துக்குப் போகவேண்டியவன் என்பதற்கு அதுதான் அடையாளம். பெயரை யார் கேட்டார்கள்?

இப்படிப் போனவர்களின் பேரன் பேத்திகளும், வேறு வழியில் போய்க் குடியேறிய தமிழர்களின் பிள்ளைகளும் சேர்ந்ததுதான் இன்றைய மலேசியத் தமிழ்ச் சமுதாயம். அங்கிருந்துதான் "வல்லவன்" வந்தது.

வல்லவன்

யோகி பி என்பவர் மலேசியாவின் ராப் பாடகர். 1990-களில் "பொயட்டிக் அம்மோ" என்ற குழுவில் இருந்தார். ஆங்கிலம், மலாய், தமிழ் என்று பல மொழிகளில் பாடிய குழு அது. பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்ற இருவருடன் சேர்ந்தார். "யோகி பி அண்ட் நட்சத்திரா" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 2006-ல் "வல்லவன்" என்ற இசைத் தொகுப்பை வெளியிட்டார்கள்.

தமிழுக்கு ராப் அதற்கு முன்பே அறிமுகம்தான். 1994-ல் "காதலன்" படத்தில் "பேட்டை ராப்" வந்தது. ஊரே பாடியது. ஆனால் அது சினிமாப் பாட்டு. கதாநாயகன் வாயசைக்க, பின்னால் பாடகர் பாடினார்.

"வல்லவன்" அப்படி அல்ல. கதாநாயகன் இல்லை. கதை இல்லை. எழுதியவர்களே பாடினார்கள். தங்கள் பெயரையும் சொன்னார்கள். ஒரு பாட்டு அல்ல, ஒரு தொகுப்பு முழுவதும்!

அதில் "மடை திறந்து" என்ற பாட்டு தமிழ்நாட்டை அடித்துக்கொண்டு போனது. 1980-ல் "நிழல்கள்" படத்துக்கு இளையராஜா இசையமைத்து, எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டின் மெட்டைப் புதிய தாளத்தில் வைத்து, நடுவில் தங்கள் சொந்த வரிகளைச் சொன்னார்கள். "நல்ல பாட்டைக் கெடுத்துவிட்டார்களே" என்று சொன்ன பெரியவர்களும் உண்டு. ஆனால் பழைய பாட்டின் பெயரை அவர்கள் மறைக்கவில்லை. அந்தப் பெயரையே புதிய பாட்டுக்கும் வைத்தார்கள். அப்பாவுக்குத் தெரிந்த மெட்டு, மகனுக்குப் பிடித்த சொல். இரண்டும் ஒரே பாட்டில்!

2007-ல் "பொல்லாதவன்" படத்தில் யோகி பி குரல் ஒலித்தது. 2018-ல் ரஜினிகாந்தின் "காலா" படத்திலும் ஒலித்தது. அது பெரிய செய்தி அல்ல. சினிமா யாரையும் அழைத்துக்கொள்ளும்.

பெரிய செய்தி வேறு. சுத்தமான தமிழிலேயே ராப் சொல்ல முடியும், அதற்குச் சினிமா வேண்டியது இல்லை என்று பல ஊர்ப் பையன்களுக்குத் தைரியம் வந்தது. ஆதியும் ஜீவாவும் சேர்ந்த "ஹிப் ஹாப் தமிழா" 2012-ல் தனித் தொகுப்பு வெளியிட்டது. பிறகு கணக்கு வைக்க முடியாத அளவுக்குப் பையன்கள் வந்தார்கள். எல்லாம் மணி அல்ல. பதரும் உண்டு. குடியைப் புகழ்கிற பாட்டு, பெண்களைத் திட்டுகிற பாட்டு என்று காது கூசுகிறவையும் வந்தன. அவற்றை அப்பா நிறுத்தச் சொன்னால், அதில் தவறு இல்லை.

பக்கத்து ஊர்ப் பையன்

திருவாலங்காட்டில் மின்சார ரெயில் ஏறினால், சில நிலையங்கள் தள்ளி அரக்கோணம். அந்த ஊர்க்காரர் அறிவு.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு மேடை. இயக்குநர் பா.ரஞ்சித் முயற்சியில் உருவான "கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழு முதல் முறையாகப் பாடியது. பறையும் கானாவும் ராப்பும் ஒரே மேடையில்! சாதியைக் கேள்வி கேட்ட அந்தக் குழுவில் ராப் சொன்னவர் அறிவு. 2019-ல் ஆஃப்ரோ என்ற இசைக் கலைஞருடன் சேர்ந்து "தெருக்குரல்" என்ற தொகுப்பை வெளியிட்டார். திருக்குறளை நினைவுபடுத்துகிற தலைப்பு. தெருவின் குரல் என்பது பொருள்.

2021 மார்ச்சில் "எஞ்சாய் எஞ்சாமி" வந்தது. அறிவு எழுதினார். தீயும் அறிவும் பாடினார்கள். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். அவருடைய கதைதான் அந்தப் பாட்டுக்கு வேர்.

மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் போன சமுதாயத்திலிருந்து "வல்லவன்" வந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய பாட்டியின் பேரனிடமிருந்து இது வந்தது. தகரத் துண்டில் எண்ணாக இருந்தவர்களின் பெயர், இப்போது பாட்டில் ஏறிவிட்டது!

ஏறியது நிலைத்ததா? அங்கேதான் கவனிக்கவேண்டும்.

அதே 2021 ஆகஸ்டில் ஓர் இசை இதழ், "எஞ்சாய் எஞ்சாமி"யையும் "நீயே ஒளி" என்ற இன்னொரு பாட்டையும் பாராட்டி அட்டைப்படம் போட்டது. இரண்டிலும் அறிவின் வரிகள் இருந்தன. அட்டையில் அவர் இல்லை! பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். பலரும் கேட்டார்கள். அதன் பிறகு அறிவின் படத்துடன் தனியாக ஓர் அட்டை வந்தது.

புகழ்பெற்றவருக்கே இந்தக் கதி. கேட்பதற்கு ஒரு ரஞ்சித் இருந்தார். கும்மிடிப்பூண்டியில் இரவு வேலை முடித்து, கம்பெனிப் பேருந்தில் உட்கார்ந்து வரி எழுதுகிற பையனுக்கு யார் இருக்கிறார்கள்? அவன் பாட்டை யாரோ வெட்டி, வேறு ஒருவர் ஆடுகிற படத்துக்குப் பின்னால் ஒட்டுகிறார்கள். லட்சம் பேர் பார்க்கிறார்கள். எழுதியவன் பெயர் எங்கும் இல்லை.

ஊர்ப் பொங்கல் விழாவையே பாருங்கள். இளைஞர் மன்றம் நோட்டீஸ் அடிக்கிறது. அதில் தலைவர் பெயர் இருக்கிறது. நன்கொடை கொடுத்தவர் பெயர் இருக்கிறது. மைக் செட்டுக்காரர் பெயர்கூட, கைப்பேசி எண்ணுடன் இருக்கிறது. மேடையில் அந்த ஊர்ப் பையனே எழுதிய பாட்டு ஒலிக்கும். "அடுத்து, ராப் பாடல்" என்று மட்டும் அறிவிப்பார்கள்.

அடுத்த தைக்கு நோட்டீஸ் அடிக்கிறபோது, மைக் செட்டுக்காரர் பெயருக்கு மேலே ஒரு வரிக்கு இடம் விடச் சொல்லுங்கள்.