அதே ஓட்ஸ்

பிரெய்ரி நாய்களைக் கொல்ல அமெரிக்காவில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது ஓட்ஸ் தானியம். முன்பு அதில் ஸ்ட்ரிக்னைன் கலந்தார்கள், பிறகு துத்தநாக பாஸ்பைடு. மாட்டுக்கான புல்லை இவை தின்றுவிடுகின்றன என்பது பண்ணைக்காரர்களின் குறை. அணில் குடும்பத்தைச் சேர்ந்த, சுமார் ஒரு கிலோ எடையுள்ள இந்தப் பிராணிகள் மைல்கணக்கில் ஒழிக்கப்பட்டன. இவற்றையே தின்று வாழும் கருங்கால் மரநாய் அடியோடு அழிந்துவிட்டது என்றே பலரும் நம்பியிருந்தார்கள். 1981இல் வயோமிங் மாநிலத்தில் ஒரு சிறு கூட்டம் தென்பட்டது.

அதே ஓட்ஸைக் கூண்டுக்குள் வைத்து இவற்றை உயிரோடு பிடித்தார் விலங்கியலாளர் ஜான் ஹூக்லண்ட். தெற்கு டகோட்டாவின் விண்ட் கேவ் தேசியப் பூங்காவில், 1970களின் நடுவிலிருந்து 1980களின் இறுதிவரை, ஒவ்வொரு வசந்தத்திலும் அவரும் மாணவர்களும் கருவால் பிரெய்ரி நாய்களின் குடியிருப்பொன்றில் தங்கி வேலை செய்தார்கள். கூண்டில் விழுந்ததைக் கூம்பு வடிவக் கான்வாஸ் பைக்குள் ஓடவிட்டு, எடை பார்த்து, காதில் உலோகத் துண்டு மாட்டுவார்கள். விலாவில் கருஞ்சாயத்தால் எண்ணோ கோடோ தீட்டி, பிடித்த இடத்திலேயே விடுவார்கள். முடி உதிர்ந்தால் சாயமும் போய்விடும், மறுபடி பிடிக்க வேண்டும்.

பிறகு பரண். முதல் பிராணி வளையிலிருந்து தலைநீட்டும் முன்பே ஏறிவிட வேண்டும். கடைசிப் பிராணி உள்ளே போன பிறகுதான் இறங்கலாம். இடையில் பனி கொட்டினாலும் நகர முடியாது, ஏனென்றால் ஒரு பெண் பிராணி இணைசேர்வது ஆண்டில் ஒரே ஒரு நாள், அதிலும் சில மணி நேரம். அதுவும் பெரும்பாலும் மண்ணுக்கடியில். எந்த ஆணுடன் எந்த வளைக்குள் போனது, வெளியே வந்த ஆண் தனித்த ஒரு குரல் எழுப்பியதா, அன்று மாலை யார் வழக்கத்தைவிடத் தாமதமாக அடங்கியது? அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். இத்தனை பொறுமையை நான் மனதார மதிக்கிறேன்.

எண்கள் இருந்ததால்தான் யாரும் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. பால் கொடுக்கும் தாய் ஒன்று அக்கம்பக்கத்து வளைக்குள் நுழையும், முகத்தில் இரத்தத்தோடு வெளியே வரும். தோண்டிப் பார்த்தால் உள்ளே குட்டிகளின் உடல்கள். கொன்றவள் அந்நியளும் அல்லள். தங்கை, மகள் என்ற நெருங்கிய உறவினள். 1985இல் ‘சயின்ஸ்’ இதழில் ஹூக்லண்ட் இதை எழுதினார். பிறந்த ஈற்றுகளில் 51 விழுக்காடு முழுதாகவோ பகுதியாகவோ இப்படிப் பலியாகின்றன என்பது அவர் கணக்கு. எண் தீட்டாத கூட்டத்தில் இதைப் பார்த்திருந்தால், ஏதோ ஒரு பிராணி ஏதோ ஒரு வளைக்குள் போய்வந்தது என்றுதான் குறிப்பேட்டில் இருந்திருக்கும்.

மே மாதம் வேலை இன்னும் கடுமை. பிழைத்த குட்டிகள் முதன்முறை வெளிச்சத்துக்கு வரும்போது, அந்த வளையைச் சுற்றிக் கூண்டுகள் தயாராக இருக்க வேண்டும். சில நாள் தாமதித்தால் குட்டிகள் பக்கத்து வளைக் குட்டிகளோடு கலந்துவிடும்; யார் பெற்றது எது என்று பிரிக்க முடியாது. தாய்களைப் பார்த்தும் சொல்லிவிட முடியாது. குட்டிகள் தரைக்கு வந்தபின், சில வாரங்கள் முன்பு உறவினரின் வளைக்குள் கொல்லப் போன அதே பெண்களும் ஒருவர் குட்டிக்கு மற்றவர் பால் கொடுக்கிறார்கள்.